கீழத்தெருவுக்குச் சொல்லாதது

சின்னாளபட்டி
10-2-1966

மெத்தப் படித்த நாத்தனார் ஜோதிமணிக்கு, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட அண்ணி எழுதுவது. உன் அண்ணனும் தறியும் நலம். இரண்டும் ஒரே சத்தம்தான்.

புதுச் சாதனங்களைப் பற்றி ஜனங்களிடம் எப்படிப் பேசுவது நியாயம் என்று மெட்ராசில் ஆராய்ச்சியாமே? வாயாலதான் தாயி! பிள்ளை உண்டாகாமலிருக்க வைக்கிற அந்த லூப்பைப் பற்றி நீ எழுதியனுப்பியதை நம் கீழத்தெருப் பெண்களிடம் ஒன்று விடாமல் சொன்னேன். "வலிக்குமா மதினி?" என்றாள் எதிர்வீட்டுச் சின்னக்கண்ணு. "அஞ்சு பெத்தவ கேக்குற கேள்வியாடி இது?" என்றேன். ஒரே சிரிப்பு. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வைத்துவிட்டு வந்தோம்.

உன் ஆராய்ச்சிக்கு முக்காலணாச் சம்பளம் கேட்கும்,
சொர்ணலட்சுமி அண்ணி

சின்னாளபட்டி
20-3-1966

ஜோதி,

சின்னக்கண்ணுவுக்கு உதிரம் நிற்கவில்லை. தூரமானவள் தறியின் பாவு நூலைத் தொடக்கூடாதென்பது நம் வீட்டில் பிறந்த உனக்குத் தெரியாததா? கூடமாட ஆளில்லாமல் அவர்கள் தறி நிற்கிறது. புருசன்காரன் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

மேலத்தெருக்காரிகளோ, "ரெண்டு மூணு மாசம் கூடுதலாப் போகும், ரொம்பப் போனா உடனே வாங்கன்னு நர்ஸம்மா முதல்லயே சொன்னாகளே" என்கிறார்கள். நர்ஸ் செபாஸ்தியம்மாளைக் கேட்டால், மேலத்தெருவுக்கென்று நீ எழுதியனுப்பியதைப் பார்த்துத்தான் சொன்னாளாம். எனக்கு எழுதியதில் அது இல்லையே. மறந்துட்டியா? மறந்துட்டேன்னு சொல்லிரு தாயி.

அண்ணி

சென்னை
26-3-1966

அன்புள்ள அண்ணி,

மறக்கவில்லை. முழுதும் சொன்னால் எத்தனை பேர் வருவார்கள், மறைத்தால் எத்தனை பேர் வருவார்கள் என்று பார்க்க நினைத்தேன். நீங்கள் சிரிக்கவைத்தே சம்மதிக்கச் செய்வீர்கள் என்றுதான் மறைப்பதற்கு நம் தெருவை எடுத்தேன். இதை எழுதவே கூசுகிறது. அவளை உடனே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போங்கள். நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் முகத்தில் விழிக்கத் தகுதியற்ற,
ஜோதிமணி

சின்னாளபட்டி
2-4-1966

ஜோதிக்கு,

லூப்பை எடுத்தாயிற்று. உதிரம் நின்றுவிட்டது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள்.

உன் மன்னிப்பை நான் சொல்லவில்லை. உன் பேச்சை ஒரு தடவை சுமந்தது போதும். நீயே பஸ் ஏறி வந்து, அவள் வாசலில் நின்று சொல். பக்கத்தில் நானும் நிற்பேன், பேசமாட்டேன்.

பேசித்தான் என்ன? நேற்று குழாயடியில், முருங்கைக்காய் விலை குறைந்துவிட்டதென்று சொன்னேன். ஒருத்தி குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கேட்கிறாள்: "இதுல எதை விட்டுட்டுச் சொல்றீக மதினி?"

சொர்ணலட்சுமி