பெட்டியில் திரும்பி வந்த வளையல்

எருத்தேன்பதி,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, செவலைக் கன்று எல்லோரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை அருள்குமாரும் வயிற்றுக்குள் இருக்கிற சின்ன ஆளும் சுகமாக இருக்கவேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோம், இதென்ன கடுதாசி என்று நினைப்பாய். போன் பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், உன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுத்து, பிழை இருந்தால் மாப்பிள்ளையிடம் காட்டாமல் நீயே திருத்திக்கொள்.

உன் சீமையிலிருந்து ஊர் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, உடம்பு மட்டும்தான் வந்திருக்கிறது அம்மிணி. தோப்பில் சொட்டுநீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றால் நீங்கள் கூட்டிப்போன அந்த ஏரிக்கரைக் கிராமம் கண் முன்னால் வந்துவிடுகிறது. அதன் பெயர் இன்னும் என் வாயில் நுழையவில்லை, கேட்கிறவர்களிடம் எல்லாம் மகளுடைய ஏரி என்றே சொல்லி வைத்திருக்கிறேன். விடிகாலையில் ஏரியும் மலையும் வானமும் ஒரே பால் வெள்ளையாக, கரை எங்கே முடிகிறது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல், கட்டிப்போட்ட படகு ஒன்று மட்டும் அந்தரத்தில் நின்றதே, அதை இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கல் வீடுகள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்று தூங்கின. சாயங்காலம் ஒன்பது மணி ஆகியும் வெளிச்சம் போக மனசில்லாமல் ஏரிமேல் படுத்துக் கிடந்தது. அவ்வளவு தண்ணீர், பாய்ச்சுகிற முறை கேட்டு ஒருத்தரும் மண்வெட்டியைத் தூக்காமல், சும்மா கிடந்து நான் ஆயுசில் பார்த்ததில்லை.

அதனால்தான் அந்தக் கூத்து. இரண்டாம் நாள் காலையில் நீங்கள் தூங்கும்போது நான் நடக்கப் போனேன். மலையிலிருந்து ஒரு சின்ன ஓடை பாதையோரமாக இறங்கி ஏரிக்குப் போகிறது, பக்கத்திலேயே செம்மறி மேய்கிற புல்வெளி மேல்மண் காய்ந்து கிடக்கிறது. நம்ம ஊர்க்காரன் கை சும்மா இருக்குமா. கால்சட்டையை மடித்துவிட்டு நாலு கல்லை உருட்டி வைத்து, புல்கட்டியால் அடைத்து, தண்ணீரைப் புல்வெளிக்குத் திருப்பிவிட்டேன். அது பாயாமல் பாதையில் ஏறி நடக்கிற வழியெல்லாம் சேறாகிவிட்டது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெரியவர் நாயோடு வந்து நின்றார். சால்வையோடு என்னைத் தேடி வந்த நீ நடுவில் நின்று பேசியிருக்காவிட்டால் நான் அன்றைக்கே போலீஸ் வண்டியில் ஊர் பார்த்திருப்பேன். இது தானாகப் போகிற தண்ணீர், அதை யாரும் அனுப்பவேண்டியதில்லை என்று அவர் சொன்னதாகச் சொன்னாய். பூட்ஸ் காலால் ஒரு கல்லைத் தள்ளிவிட்டு, சேற்றுக் கையென்றும் பாராமல் எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார், நல்ல மனுஷன்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து, மூச்சு வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்தாய். அப்போதுதான் சொன்னாய், "அப்பா, நான் இங்கயே பெத்துக்கறனுங்கப்பா, அம்மாகிட்ட நீங்கதான் சொல்லோணும்" என்று. நான் என்ன சொன்னேன்? "குளிருது கண்ணு, போலாமா" என்றேன். நீ அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்கு என் கோட்டுப் பையில் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் இருந்தது. தலைப்பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்கு வா என்று சொல்லி, உன் கையில் போட்டுவிட்டு, ஏழாம் மாதம் வருவதற்குத் தேதி வாங்கி வரச்சொல்லித்தான் அம்மா என்னை அனுப்பினாள். ஏரோப்பிளேன் முழுக்க ஒத்திகை பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் வளையலை எடுக்கவும் முடியவில்லை, உனக்குச் சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. குரங்குக் குல்லாவில் சுற்றிப் பெட்டியின் அடியில் போட்டு அப்படியே கொண்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் பிள்ளை யோசிக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்தேன். போன வாரம் பெட்டியைத் துடைக்கிறேன் என்று அவள் குல்லாவை உதற, அத்தனை வளையலும் கலகலவென்று விழுந்தது. "உங்கள அனுப்புனதுக்குச் செவலக் கன்ன அனுப்பிச்சிருக்கலாம்" என்றாள். பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு உண்டு, பேச்சு இல்லை.

நாலாம் நாள் ஏரி, ஓடை, பெஞ்சு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் மடை கட்டியதற்கு அவள் சிரிக்கவில்லை. "ஏனுங்க, புள்ளைக்கு மூச்சு வாங்குச்சா?" என்று மட்டும் கேட்டாள். கொஞ்சம் வாங்கியது என்றேன். முருங்கைக்கீரை முழுவதையும் உருவி முறத்தில் போட்டாள். பிறகு, "தாயூட்டுலதான் பெறோணும், அதுல மாத்தமில்லீங்க. நா அங்க போனா அது தாயூடு ஆயிட்டுப் போகுது" என்றாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறமாட்டேன் என்று ஐந்து மாடி நடந்தவள், மறுநாள் பக்கத்து வீட்டுச் சிவசங்கரியைக் கூட்டிக்கொண்டு அட்சயா சேவை மையத்துக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். போட்டோவில் முறைத்துக்கொண்டு இருக்கிறாள். வளையலைக் கைப்பையில் தானே கொண்டுவருவாளாம், என்னை நம்புவதாக இல்லை. நான் இங்கே கன்றுக்குக் காவல்.

ஆகையால் அம்மிணி, அன்றைக்குப் பெஞ்சில் சொல்லவேண்டியதை இன்றைக்குச் சொல்கிறேன், சரி கண்ணு. ஈரப்பாதையில் நடக்காதே, பனியில் தலையை மூடிக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அம்மாவுக்கு ஜன்னல் ஓரத்து சீட்டு வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அவளே உனக்குச் சொல்லவேண்டும் என்று ஆசையாக இருக்கிறாள், அப்போதுதான் கேட்கிற மாதிரி இரு. தாயும் பிள்ளையும் நல்லபடியாக வேறாகி, நீங்கள் மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும். மறக்காமல் ஒரு காரியம் செய். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால், நான் வைத்த நாலு கல்லில் மூன்று இன்னும் ஓடையிலேயே இருக்கும், மாப்பிள்ளையை எடுத்துப் போடச் சொல்.

இப்படிக்கு,
வாய் திறக்க இருபது நாள் எடுத்துக்கொண்ட உன் அப்பா,
குப்பண்ணன்