விக்டருக்கு யார் பொறுப்பு

ஜூலை 7, திங்கள்

விடியற்காலையில் காற்றோடு பெருமழை. நேற்றுக் காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி ஈரம். பல் கிளினிக்கில் அரை நாள் வேலை. பல்லைத் தொடுவதற்கு முன்பே ஒருவர் என் கவுண்டரில் மயங்கி விழுந்தார். பெரிய ஆள். சூடாக மைலோ கலந்து கொடுத்ததும் எழுந்தார்.

வீட்டுக்கு வந்தால் சு. கூடத்துத் தரையில், சுற்றிலும் தாள்கள். ஓய்வு பெற்றவர்கள் மீன் வளர்ப்பார்கள், சீனச் செஸ் ஆடுவார்கள். என் கணவர் சுந்தரம் அறுபது வயதில் அனைத்துலக உறவுகளில் முதுகலை படிக்கிறார். சோவியத் ஒன்றியம் கலைந்தபின் நடந்த அரசியல், அதில் சட்டம் என்ன சொன்னது, இதுதான் ஆய்வு. இந்த மாதக் கடைசியில் ஒப்படைக்க வேண்டும்.

"வாசு, ஒரு நாடு இல்லாமப் போயிடுச்சின்னா அதோட கப்பல் யாருக்கு?"

"வாரிசுக்கு."

"பதினஞ்சு வாரிசு இருந்தா?"

"அப்ப கோர்ட்டுக்கு. முதல்ல காலை எடுங்க, கூட்டணும்."

சிரித்துக்கொண்டே அதைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

ஜூலை 9, புதன்

வெயில். முருங்கைக்கீரை, முட்டை, அவருக்கு மூட்டு வலித் தைலம். தைலம் மறந்தேன்.

சு. பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பியபோது முகமே சரியில்லை. சாப்பிட உட்கார்ந்தும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில்தான் சொன்னார்.

"விக்டர் கதையை எடுத்துடச் சொல்லிட்டாங்க."

அவருடைய ஆய்வை மேற்பார்வையிடும் பேராசிரியை நல்லவர்தான், கறார். "ஞாபகம் ஆதாரமாகாது. எழுதுறதும் நீங்க, சாட்சியும் நீங்க. எப்படி?" என்றாராம். சரியான கேள்விதான், அதுதான் கஷ்டம்.

ஆனால் விக்டர் இல்லாமல் இந்தப் படிப்பே இல்லை. கல்யாணமாகிச் சில மாதம் அப்போது. சு. துறைமுகத்துப் பக்கம் தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் குமாஸ்தா. கடலில் நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பல், ஊரை விட்டுக் கிளம்பியபோது சிவப்புக் கொடியோடு கிளம்பியது. இங்கே வந்து நிற்கும்போது அந்தக் கொடிக்கு நாடே இல்லை. எந்தக் கொடியை ஏற்றுவது என்று கேப்டனுக்கே தெரியவில்லையாம். அந்த நேரம் பார்த்து இயந்திர அறை ஆள் விக்டருக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. அவன் பிறந்தது ஒரு குடியரசில், வீடு இன்னொன்றில், கப்பல் பதிவு மூன்றாவதில். எல்லாம் தனித்தனி நாடுகளாகிவிட்டன. சு. தொலைபேசியில் கேட்ட இடமெல்லாம் "எங்கள் ஆள் இல்லை."

படகில் கரைக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பிழைத்துவிட்டான். கப்பலும் ஒரு நாள் போய்விட்டது. அதன்பின் ஒரு தகவலும் இல்லை. அவனுக்குப் பதில் சொல்லவேண்டியவர் யார் என்ற கேள்வியை மட்டும் சு. இத்தனை வருடம் வைத்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு படிப்பில் சேர்ந்துவிட்டார்.

ஜூலை 10, வியாழன்

சு. லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. டிவியில் பேட்மிண்டன். அவருக்குப் பேட்மிண்டன் பிடிக்காது.

"விட்டுடலாம்னு பாக்கறேன் வாசு. இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு லா."

சொல்ல வந்ததெல்லாம் கோபமாகவே வந்தது. ரசம் வைக்கப் போய்விட்டேன்.

ஜூலை 12, சனி

தேக்கா மார்க்கெட். கூட்டம், மீன் வாடை, வாழைப்பூ விலை கேட்டு வேண்டாம் என்று வந்தேன். நீனோவும் கூட வந்தாள். சு.வோடு படிக்கும் பெண், ஜார்ஜியாக்காரி. அவள் நாடும் அந்த ஒன்றியத்திலிருந்து பிரிந்ததுதான். அது பிரிந்து பல வருடம் கழித்துப் பிறந்தவள். மாதத்தில் இரண்டு சனி எங்கள் வீட்டில் சாப்பாடு. கொத்தமல்லியை மோந்து பார்த்து "எங்க அம்மா சமையலறை!" என்று ஆங்கிலத்தில் கத்துவாள். கடைக்காரருக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே அவளிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு நின்றுவிட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க விக்டரைப் பாத்திருக்கீங்களா?"

"பாக்காம? கஞ்சி கொண்டுபோனதே நான்தானே."

"அப்ப சாட்சி அங்கிள் மட்டும் இல்லையே. நீங்களும்தானே!"

பக்கத்தில் காய் வாங்கிய அம்மா, என்ன கேஸ் என்று என்னையே பார்த்தார்.

அங்கிள் உங்களைப் பேட்டி எடுக்கக்கூடாது, நான் எடுக்கிறேன், முறைப்படி ஒப்புதல் வாங்கி, பதிவு செய்து, பேராசிரியையிடம் கேட்டுவிட்டு, என்று நீனோ அங்கேயே திட்டம் போட்டாள். ஃபோனில் பேராசிரியைக்கு எழுதியும் விட்டாள். சாயங்காலத்துக்குள் பதில்: முறையாகச் செய்தால் பார்க்கலாம்.

சு. "உனக்கெதுக்கு இந்தத் தொல்லை" என்றார். ஆனால் டிவியை அணைத்துவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

புழுக்கம். சு.வை வெளியே அனுப்பினோம். கோயிலுக்குப் போகிறேன் என்று போனவர் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நீனோ ஃபோனை மேசைமேல் வைத்தாள். பேர், வயது, அன்று எங்கே இருந்தீர்கள். முதலில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். பிறகு தானாக வந்தது.

சு. எழுதாத ஒன்றைச் சொன்னேன். அது சட்டம் இல்லை என்று விட்டிருப்பார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் வந்து, "நோயாளியின் குடும்பம்? குடும்பம் யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். யாரும் இல்லை. சு. வகுப்பில் கை தூக்குவது போலத் தூக்கினார். நர்ஸ் அவரைப் பார்த்தார், உள்ளே மைதா மாவு நிறத்தில் படுத்திருந்தவனைப் பார்த்தார். "நீங்களா?" "ஆமா. என் தம்பி." நர்ஸ் சிரிக்கவில்லை. அவரை உள்ளே விட்டார். நான் கஞ்சி பிளாஸ்கோடு நின்றேன்.

நீனோ சிரித்தாள், பிறகு கேட்டாள்: "உங்களுக்கு என்ன தோணுச்சு?"

பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம், யாரைக் கட்டிக்கொண்டேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது, அன்றைக்குத் தெரிந்தது என்றேன்.

சொன்ன பிறகுதான் இதை அவரும் படிப்பார் என்று உறைத்தது. "அதை அழிச்சிடு" என்றேன். "முடியாது ஆன்ட்டி, ஆதாரம்" என்கிறாள். ராட்சசி. இரண்டு முறை வத்தக்குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜூலை 16, புதன்

பேட்டி எழுத்தில் வந்துவிட்டது. நான் கிளினிக்கில் இருக்கும்போது சு. படித்திருக்கிறார். வந்து பார்த்தால் என் யூனிஃபார்ம் ஐந்தும் இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறது. அவர் இஸ்திரி போட்டு நான் பார்த்ததில்லை. காலர் ஒன்று லேசாகத் தீய்ந்திருந்தது.

சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடி:

"அன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

"அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் குறட்டை விடற ஒரு ஆளுன்னு தெரியும்."

தலை நிமிராமல் சிரித்தார். காது சிவந்திருந்தது. நானும் தயிர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்க் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

பேராசிரியை ஒத்துக்கொண்டார். பேட்டி பின்னிணைப்பில், விக்டர் மூன்றாம் அத்தியாயத்தில். ஒரே ஒரு யோசனை: என் கடைசிப் பதில் ஆய்வுக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாம்.

இந்த மனிதர் பேராசிரியை சொன்னபடி ஆய்வில் எல்லாவற்றையும் மாற்றியவர். இதற்கு மட்டும் எதிர்த்து வாதாடியிருக்கிறார். சாட்சி சொன்னதை வெட்டக்கூடாதாம். அது அப்படியே இருக்கிறது.

தைலம் வாங்கிவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

ஒப்படைத்தாயிற்று. பிரிண்ட் போட்டதில் ஒரு பக்கம் தலைகீழாக வந்து, மறுபடி கடைக்கு ஓடி. நீனோ இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் மூன்று பேரும் மசால் தோசை. சு. நன்றாகத் தூங்குகிறார்.

செப்டம்பர் 4, வியாழன்

மேகமூட்டம். வாய்மொழித் தேர்வு. நான் லீவு போட்டேன். கட்டடத்துக்குக் கீழே கேண்டீனில் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் ஆறிக் கிடக்க உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் இருபது வயதுப் பிள்ளைகள். ஒருத்தி ஃபோனில், "மா, நான் பாஸாகலேன்னா வீட்டுக்கு வரலாமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வரலாம் என்று அம்மா சொல்லியிருப்பார், முகம் தெளிந்தது.

சு. வந்தார். டை தோளில் கிடந்தது.

"பாஸாயிட்டேன் லா. சின்னச் சின்னத் திருத்தம் இருக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன கேட்டார்கள் என்றேன்.

"சாட்சி உங்க மனைவியாச்சே, எப்படி நம்பறதுன்னு கேட்டாங்க."

"நீங்க?"

"முப்பது வருஷத்துக்கு மேலா, நான் சொன்ன எதையும் அவ சரிபாக்காம ஒத்துக்கிட்டதில்லைன்னேன். தேர்வாளருங்க மூணு பேரும் சிரிச்சிட்டாங்க."

"நல்லா சொன்னீங்க."

"அப்புறம் ஒருத்தர் கேட்டார், அந்த விக்டர் என்ன ஆனாருன்னு." ஆறிப்போன என் தேயை எடுத்து ஒரு வாய் குடித்தார். "தெரியாதுன்னு சொன்னேன் வாசு. அது ஒண்ணுதான் இன்னும் பாக்கி."

நாங்கள் எப்போதும் பஸ்தான். இன்று டாக்சி கூப்பிட்டேன். வீடு வரும்வரை அவர் கை என் மடியில். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டும்.