கதவைத் திறந்துவிட்டுக் கேளுங்கள்

அன்பு மனைவி அசுந்தாவுக்கு, கார்மேலோ சொல்லச் சொல்லச் சிறைப் பாதிரியார் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? இந்தச் சுவிஸ் சிறையில் எனக்குச் சூப்புக்கும் சலவை வேலைக்கும் குறைவில்லை.

பக்கத்து அறை ஊலி ஆயுள் கைதி, நுரையீரலில் புற்று. இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதால், மருந்து குடித்துச் சாக உதவி கேட்டிருந்தான். டாக்டரம்மா வந்து, “நோவு தாங்கலையா, ஜெயில் தாங்கலையா?” என்றார்.

“கதவத் தொறந்து விடுங்கம்மா. வெளிய ஒரு வாரம் இருந்து பாத்துட்டுச் சொல்றேன்.”

“அது என் கையில இல்லையே, ஊலி.”

“சாவு மட்டும் இருக்காக்கும்?”

கடைசியில் அனுமதி வந்தது. செவ்வாயன்று மருந்தைக் குடித்தான். கசப்புப் போக ஒரு துண்டு சாக்லேட் கொடுத்தார்களாம்.

எனக்கும் அதே நோய்தான் என்கிறார்கள், கவலைப்படாதே. கம்பளிக் காலுறை அனுப்பு. டாக்டரம்மா என்னிடமும் அப்படிக் கேட்டால், நோவையும் சிறையையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என்னை அறிந்தவள் நீ. என்ன சொல்லட்டும்? இதை எழுதப் பாதிரியார் தயங்குகிறார். சீக்கிரம் பதில் போடு.