படத்தில் இல்லாத வெல்லம்

3 பிப்ரவரி 1974, ஞாயிறு

மறுபடியும் போண்டா, மறுபடியும் பிச்சைக்காரர்கள்.

வக்கீல் ராமஸ்வாமி வீட்டு மாடியில் எங்கள் படக் கழகத்தின் மாதக் கூட்டம். ஒவ்வொருவரும் தான் எடுத்த படத்தைச் சுவரில் மாட்டி, பக்கத்தில் நின்று அதன் கதையைச் சொல்ல வேண்டும். இன்றைக்கு மாட்டியவை: ரயிலடியில் தூங்கும் கிழவர், கோயில் வாசலில் கண் தெரியாத ஒருவர், எச்சில் இலைப் பக்கம் ஒரு பெண். கதை சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. முடித்த கையோடு "சட்னி இன்னும் கொஞ்சம்" என்கிறார்கள். அந்தக் கிழவர் பெயர் என்ன என்று கேட்டேன். "பேரெல்லாம் கேட்டா படம் கெட்டுடும்மா" என்றார் ராமஸ்வாமி. சீ.

பின் ஏன் போகிறாய் கோதைநாயகி? கேமராவைப் பற்றிப் பேச இந்தத் திருவள்ளூரில் எனக்கு வேறு ஆள் இல்லை. இருட்டறை வைத்திருப்பவரும் அவர்தான். பிலிம் கழுவிப் பிரிண்ட் போட்டுத் தருவார்.

தை அமாவாசையன்று எடுத்த ரோலைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதில் ஒரு படம் நிச்சயம் நன்றாக வந்திருக்கும். என் வகுப்பு மேரியின் அம்மா ரோசம்மாள் கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து வெல்லம் கரைத்துக்கொண்டிருந்தாள். மேரிக்கு இரண்டு கையிலும் மரு. வெல்லம் கரைகிற மாதிரி மருவும் கரைந்துபோகும் என்று ஊரே செய்வதுதான். இவர்கள் கிறிஸ்தவர்கள், மாமனார் தானியேல் சபையில் உபதேசியார். இருக்கட்டுமே, பெண்ணின் கைக்காகத் தாய் வந்திருக்கிறாள். எதிர்ப் படியிலிருந்து எடுத்தேன். உள்ளங்கையைக் குவித்து நீட்டி, கண்ணை இறுக்கி மூடி, உதட்டில் ஏதோ முணுமுணுப்பு. என்ன முகம் அது!

10 பிப்ரவரி

"கேமராவும் கையுமா அலையறே, ஆத்துல ரசம் ஆறிப் போறது" என்றார் ஆத்துக்காரர். ஆறட்டும்.

3 மார்ச், ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

மாடி ஏறியதும் எதிர்ச்சுவரில் என் படம். பெரிதாக, சட்டம் போட்டு. என் படமா? குளம் இல்லை. படி இல்லை. வெல்லம் இல்லை. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, நீட்டிய கையும் மூடிய கண்ணும் மட்டும். கீழே அட்டையில் "பசி" என்று எழுதி ஒட்டியிருந்தது.

"இவ வெல்லம் கரைக்கறா சார். பசியுமில்லை, ஒண்ணுமில்லை."

"அம்மா, வெல்லத்தோட இருந்தா அது வெறும் குளத்தங்கரை. வெட்டினப்புறம் பாருங்கோ, நெஞ்சைப் பிசையறது."

எல்லாரும் கை தட்டினார்கள். கையில் போண்டா இருந்தவர்கள் தொடையில் தட்டினார்கள். அதோடு விட்டாரா? போன மாதமே ஒரு வாரப் பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பிவிட்டாராம். என் பெயரில்! "சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான்" என்று சிரிக்கிறார். யாரைக் கேட்டு? நெகட்டிவைக் கொடுங்கள் என்றேன். பத்திரமாக இருக்கிறது, அப்புறம் தருகிறேன் என்றார்.

22 மார்ச்

வந்துவிட்டது. முழுப் பக்கம். "ஒரு கவளம் சோற்றுக்காக நீளும் கரம். படம்: திருமதி கோதைநாயகி, ஆசிரியை, திருவள்ளூர்." முதல் பரிசு ஒரு ஃப்ளாஸ்க், பார்சலில் வருகிறதாம்.

தலைமை ஆசிரியை காலைப் பிரார்த்தனையில் பத்திரிகையைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் மேரி நின்றாள். அவளும் தட்டினாள். பக்கத்தில் நின்ற பெண் அவள் காதில் ஏதோ சொன்னாள். மேரி தட்டுவதை நிறுத்திவிட்டாள்.



27 மார்ச்

மேரியைப் பார்த்துப் பிள்ளைகள் கை நீட்டுகிறார்கள். "அம்மா தாயே" என்று இழுக்கிறார்கள். இரண்டு பேரைப் பெஞ்சு மேல் ஏற்றினேன். என்ன பிரயோஜனம்? படத்தின் கீழே இருப்பது என் பெயர். சக ஆசிரியை செண்பகம் கேட்கிறாள், "அடுத்த படம் எப்ப டீச்சர்? எங்க தெருவுல நல்ல நல்ல பிச்சைக்காரங்க இருக்காங்க." இவளுக்கெல்லாம் என்ன பதில் சொல்வது!

1 ஏப்ரல், திங்கள்

மேரி வரவில்லை. சாயங்காலம் திருப்பாச்சூர் சாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலி போட்டுத் தானியேல் உபதேசியார் வேதம் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை இன்னும் கீழே குனிந்துகொண்டார்.

ரோசம்மாள் உள்ளே கூப்பிட்டுப் பாய் போட்டாள். என்னைத் திட்டுவாள் என்று போனேன், திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அவள் புருஷன் ஜோசப்புக்குக் கும்மிடிப்பூண்டியில் ஆணி கம்பெனியில் வேலை. சனிக்கிழமை ராத்திரிதான் வருவான். அங்கே கேன்டீன் சுவரில் அந்தப் பக்கத்தைக் கிழித்து ஒட்டியிருக்கிறார்கள். இவன் சாப்பிட உட்கார்ந்ததும் நாலு பேர் கையை நீட்டியிருக்கிறார்கள்.

"சனிக்கெழம வந்தாரு டீச்சர். அடிக்கல. தட்ட மட்டும் தூக்கிப் போட்டாரு. 'நான் அங்க இரும்போட மாரடிச்சுக்கினு கெடக்கறேன், நீ இங்க கை நீட்டிக்கினு இருக்கியா? ஈஸ்டருக்கு நான் வரச்சொல்ல நீ இந்த ஊட்ல இருக்கக் கூடாது. உன் அம்மா ஊட்டுக்குப் போயிடு. பொண்ண ஹாஸ்டல்ல போட்டுடறேன்'னுட்டாரு."

"நான் வந்து சொல்றேன் ரோசம்மா. அது வெல்லம், வேண்டுதல்னு ஜோசப்கிட்ட நானே சொல்றேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, வாய தொறக்காதீங்க. பிச்ச எடுத்தான்னா பத்து நாளு சிரிப்பாங்க. கோயில் கொளத்துல வேண்டிக்கினான்னு தெரிஞ்சா சபைல மாமா வேல போயிடும். எங்களையே தள்ளி வெச்சிடுவாங்க டீச்சர். நான் எங்க அம்மா ஊட்டுக்கே போறேன், வுடுங்க."

சொன்னால் ஒரு கேடு, சொல்லாவிட்டால் ஒரு கேடு. திரும்பும்போது உபதேசியாரைப் பார்த்து, "உங்க மருமக அப்படிச் செய்யறவளா? நீங்களாவது மகன்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்றேன். "கர்த்தர் பாத்துப்பாரும்மா" என்றார். பக்கத்தைப் புரட்டினார்.

2 ஏப்ரல்

இவரிடம் சொன்னேன். கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர், நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். "அவாள்லாமா நம்ம குளத்துல வந்து வெல்லம் கரைக்கறா?" என்றார். அவ்வளவு கதையிலும் இவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான்!

"பெருமாள் கேக்கலை, நீங்க கேக்கறேள்" என்றேன்.

5 ஏப்ரல்

ஃப்ளாஸ்க் வந்தது. சிவப்பு. பரணில் தூக்கிப் போட்டேன். இவர் ஏறி எடுத்துக் காபி ஊற்றி வைத்திருக்கிறார். கர்மம்.

7 ஏப்ரல், ஞாயிறு

இன்று எனக்குப் பாராட்டுக் கூட்டமாம். மாலை, சந்தனம், கேசரி. படத்தின் கதையை ராமஸ்வாமியே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். நான் அந்தப் பிச்சைக்காரிக்குச் சோறு வாங்கிக் கொடுத்தேனாம், அவள் கண்ணீர் விட்டாளாம். "அப்படியே வாசிச்சுடுங்கோ. நாலு பேர் அழணும்."

எழுந்தேன். "இவ பேர் ரோசம்மா. இவ ஆம்படையான் தொழிற்சாலையில வேலை பாக்கறான். இவ ஜன்மத்துல யார்கிட்டயும் கை நீட்டினதில்லை. கதை எழுதினவர் ராமஸ்வாமி சார், வெட்டினவரும் அவர்தான். எனக்கு நெகட்டிவ் வேணும். இப்பவே வேணும்."

"பின்னே எதுக்குக் கையை நீட்டிண்டிருந்தா? சொல்லுங்கோளேன்" என்றார் ஒருவர். அதை நான் எப்படிச் சொல்வேன்? "அது அவ சமாச்சாரம்" என்றேன். சிரித்தார்கள்.

ராமஸ்வாமி உள்ளே போய் உறையைக் கொண்டுவந்து மேஜையில் விட்டெறிந்தார். "பொம்மனாட்டிகளைச் சேர்த்ததே தப்பு" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். மாலையைக் கழற்றிக் கேசரித் தட்டு மேலேயே வைத்துவிட்டு வந்தேன். இனி அந்த மாடி ஏறினால் என் பெயர் கோதைநாயகி இல்லை.

9 ஏப்ரல்

ரயிலடி ஸ்டூடியோ பாக்கியராஜிடம் நெகட்டிவைக் கொடுத்து, ஓரம் ஒரு இழை வெட்டாமல் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொன்னேன். இன்று சாயங்காலம் வாங்கினேன். ஸ்டூடியோ வாசலிலேயே நின்றுவிட்டேன்.

படி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. ரோசம்மாளின் உள்ளங்கையில் வெல்லக்கட்டி பாதி கரைந்து ஒழுகுவதுகூடத் தெரிகிறது. இடது ஓரத்தில், அவளுக்கு ஒரு படி மேலே, தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஒருவர். கையில் இலைப் பொட்டலம், அதிலிருந்து அடுத்த கட்டியை எடுத்து நீட்டுகிறார். பெட்டிக் கேமராவின் குட்டிக் கண்ணாடியில் அன்றைக்கு நான் இந்த ஆளைக் கவனிக்கவே இல்லை.

தானியேல் உபதேசியார்.

அடப்பாவி மனுஷா! கூட்டிக்கொண்டு போனதே நீர்தானா? மருமகளை வீட்டை விட்டுத் துரத்துகிறான் மகன், நீர் நாற்காலியில் உட்கார்ந்து பக்கம் புரட்டுகிறீர்! கர்த்தர் பார்த்துக்கொள்வாரா? நீர்தானே ஐயா பார்த்துக்கொண்டு நின்றீர்! இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் சபைக்குப் போய் வாசலில் ஒட்டலாமா என்று இருக்கிறது. தூ.

ஒட்டினால்? ராமஸ்வாமி செய்ததற்கும் நான் செய்வதற்கும் என்ன வித்தியாசம்? இது ரோசம்மாளின் படம். அவள் என்ன செய்யச் சொல்கிறாளோ அதுதான்.

10 ஏப்ரல், புதன்

கொண்டுபோய்க் கொடுத்தேன். உபதேசியார் வீட்டில் இல்லை. ரோசம்மாள் வெகுநேரம் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

"மாமா துண்டு நல்லா வுழுந்துக்குது" என்றாள்.

"உனக்குத் தெரியும், இல்லையா?"

"அவருதான் இட்டுனு போனாரு டீச்சர். வெல்லம் வாங்கினதே அவரு. சின்னப் புள்ளைல அவங்க அம்மா அங்க இட்டுனு போய் அவருக்கு மரு கொட்டிச்சாம். பேத்திக்கும் கொட்டிடும்னாரு."

"அப்போ ஏன்டி வாயை மூடிண்டிருக்கே?"

"அவரு வாயால வரட்டும்னு பாத்துக்கினே இருந்தேன். வரலியே டீச்சர்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. படத்தை முந்தானையில் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

14 ஏப்ரல், ஞாயிறு

வருஷப் பிறப்பு. அவர்களுக்கு ஈஸ்டர். வேப்பம்பூப் பச்சடி கிளறிக்கொண்டிருந்தபோது கொல்லைப்பக்கம் ரோசம்மாள் குரல். புதுப் புடவை. ஊருக்குப் புறப்பட்டுச் சொல்லிக்கொள்ள வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

போகவில்லையாம். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அன்னிக்கு ராத்திரி கஞ்சி ஊத்தச்சொல்ல தட்டு பக்கத்துல போட்டோவ வெச்சேன் டீச்சர். ஒண்ணும் பேசல. 'இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா மாமா'ன்னு மட்டும் கேட்டேன். கைய கய்விக்கினு எந்திரிச்சிட்டாரு. காலைல மொத பஸ்ல கும்மிடிப்பூண்டி போயிட்டாரு. நாஷ்டாகூடத் துன்னல. கம்பெனி கேட்ல நின்னுக்கினு, ஷிப்டு வுட்டு வெளிய வரவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போட்டோவக் காட்டினாராம். 'இது வெல்லம், பிச்ச இல்ல. வெல்லம் குடுக்கறது நானு. நான்தான் ஜோசப்பு அப்பன்'னு. இவரு ஓடியாந்து, 'இன்னா நைனா, வா நைனா'ன்னு இழுத்தாராம். எல்லாரும் பாக்கற வரைக்கும் வரமாட்டேன்னுட்டாராம்."

"ஜோசப் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டானா?"

"அவராவது! கறி வாங்கியாந்தாரு."

சபையில் சொல்லிவிட்டார்களாம். கூடவே வேலை பார்க்கிறவர்களில் சபை ஆட்களும் இருக்கிறார்களே. இன்று ஆராதனையில் உபதேசியாரை முன்னால் உட்காரவிடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, எல்லாரையும்விட உரக்கப் பாடினார் என்றாள்.

எனக்கு அவர்மேல் இருந்த அருவருப்பு போய்விட்டது என்று எழுத ஆசைதான். பாதி போயிற்று. முன்பே வாயைத் திறந்திருக்கலாமே மனுஷர்.

பச்சடி கொடுத்தேன். இவர் பார்த்தும் பாராததுபோல உள்ளே போனார்.

3 ஜூன்

பள்ளிக்கூடம் திறந்தது. மேரி வந்தாள். தானியேலை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். யாருக்கோ தோட்டக் காவல் பார்க்கிறார். படத்தில் இருப்பவள் பிச்சைக்காரி இல்லை என்று பத்திரிகைக்கு நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. "பசி" இன்னும் அந்த மாடியில் தொங்குகிறதாம். வரும் புது ஆட்களுக்கெல்லாம் ராமஸ்வாமி அதன் கதையைச் சொல்கிறாராம். அதில் இப்போது ஒரு கைக்குழந்தையும் சேர்ந்திருக்கிறதாம்.

25 டிசம்பர்

ரோசம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள்: "குடும்பத்தோட ஒரு படம் எடுக்கணும், டீச்சர்தான் வரணும்." கேமராவைத் தொட்டு எட்டு மாதம் இருக்கும். ரோல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

வாசலில் நாற்காலியில் தானியேல், அதே துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு. பின்னால் ஜோசப், சட்டைக் காலர் வரை பொத்தான். என் முகத்தைப் பார்க்காமல், "எங்க நிக்கணும் டீச்சர்?" என்றான். மேரி முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஒரு மரு இல்லை. வெல்லமோ, வயசோ, யார் கண்டது.

"யாரையும் வெட்டாம போடுங்க டீச்சர்" என்றாள் ரோசம்மாள், சிரித்துக்கொண்டே.

"வெட்டமாட்டேன்" என்றேன்.

தானியேலின் கை தன் தொடையில், ஜோசப்பின் கை அவர் தோளில், மேரியின் கை இரண்டும் கேமராவைப் பார்த்து. ரோசம்மாள் மட்டும் தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். மூன்று படம் எடுத்தேன், மூன்றிலும் அப்படியேதான் நின்றாள். வெளியே எடு என்று நான் சொல்லவில்லை.