பத்தாம் வசனத்தில் நிற்கிறேன்

அன்புள்ள அத்தான்,

விளக்கு வைத்தாயிற்று. நாளைக்கு உங்கள் வருஷ நினைவு ஜெபம். உங்கள் தம்பி அரிசி மண்டியை இன்று சீக்கிரமே பூட்டிவிட்டார். துறைமுகத்தில் சங்கு ஊதுகிறது. நீங்கள் இருந்தால், "கப்பல்காரனுக்கு ஜெப நேரம் தெரியாதோ" என்று ராயபுரத்தையே முறைத்திருப்பீர்கள்.

உங்களுக்குப் பிடித்த நூற்று முப்பத்தாறாம் சங்கீதத்தைத்தான் வாசிக்கப்போகிறோம். நீங்கள் முன்வரியைச் சொல்ல, நானும் நம் மகள் எஸ்தரும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று பதில் சொன்ன சங்கீதம். வானத்தை உண்டாக்கினார், கிருபை. சூரியனை வைத்தார், கிருபை. அதுவரைக்கும் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. பத்தாம் வசனத்தில்தான் கால் இடறுகிறது. எகிப்தியரின் தலைப்பிள்ளைகளைக் கொன்றார்; அதற்கும் அதே பதில்.

யுத்த சமயத்தில் நம் தலைப்பிள்ளை ராஜன் காய்ச்சலில் போன பிறகும் நீங்கள் அந்த வசனத்தை விடவில்லை. குரலை இன்னும் உயர்த்தித்தான் வாசித்தீர்கள். துதித்தீர்களா அத்தான், இல்லை அவரோடு சண்டை பிடித்தீர்களா? ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். பயமாக இருந்தது. என் வாய் மட்டும் பழக்கத்தில் பதில் சொல்லிவிடும்.

இப்போது எஸ்தர் வாசிக்கிறாள். எனக்காக அந்த ஒரு வசனத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறாள். நல்ல பிள்ளை. ஆனால் அவள் தாண்டும்போதெல்லாம் ராஜனையே தாண்டிப் போகிற மாதிரி இருக்கிறது.

போன வாரம் காசிமேட்டு மீன்காரி முனியம்மா கூடையை இறக்கிவிட்டு வாசலில் இளைப்பாறினாள். ஜெபம் முடிந்ததும், "இன்னாம்மா, அய்யா இருக்கச் சொல்ல நடுவுல ஒரு வரி சத்தமா படிப்பாரே, அத்தக் காணோமே?" என்றாள். அடிமைப்பட்டிருந்த தம் ஜனத்தை விடுவிக்க ஆண்டவர் எகிப்தின் தலைப்பிள்ளைகளைக் கொன்றதைச் சொன்னேன். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"நீங்க எல்லாத்துக்கும் ஒரே பதிலத்தான் சொல்லிகினு கீறீங்க. அந்த ஊரு அம்மாங்க இன்னா சொன்னாங்களாம்?"

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் கூடையைத் தூக்கி முனியம்மாவின் தலையில் வைத்தேன்.

அன்றிலிருந்து இதையேதான் தியானிக்கிறேன். முழங்காலில் நின்றால் ஆண்டவருக்கு முன்னால் அந்தப் பெண்கள் வந்து நின்றுகொள்கிறார்கள். அவர் அன்புள்ளவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ராஜன் போனதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது? அங்கே உங்களுக்காவது விளங்கிற்றா? அவன் உங்களோடு இருக்கிறானா?

"நாளைக்கு அந்த வசனம் வேணாம்மா, எல்லாரும் உங்களையே பாப்பாங்க" என்று எஸ்தர் கெஞ்சுகிறாள். பார்க்கட்டும். நாளை உங்கள் இடத்தில் நின்று நானே வாசிப்பேன். பத்தாம் வசனத்தைத் தாண்ட மாட்டேன், இது சத்தியம். அதற்குப் பிறகு பதில் வருகிறதோ, வராமல் போகிறதோ, அது ஆண்டவர் பாடு.

அவன் போன பிறகு எல்லாரும் என்னை எஸ்தர் அம்மா என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். நீங்களும்தான். மனசு நோகக் கூடாது என்றுதான் செய்தீர்கள், தெரியும். இந்தக் கடிதத்திலாவது பழைய பேரைப் போட்டுக்கொள்கிறேன்.

உங்கள்
ராஜன் அம்மா