ஸ்டிக்கர் பொட்டு

பொம்மனஹள்ளி

என் பிரியமானவருக்கு,

கதவைத் தாழிட்டுவிட்டு எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு ரேணுகாவின் குழந்தைக்குக் காய்ச்சல். அவள் கூப்பிட்டுத்தான் போய் ஜெபித்தேன். நேற்று நான்கு பேர் நம் வாசலில் நின்று, "மதம் மாத்துறவ நீதானா?" என்று கத்தினார்கள். ரேணுகா ஓடிவந்து, தன் ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து என் நெற்றியில் ஒட்டி, "இவங்க நம்ம அக்கா!" என்றாள். வந்தவர்கள் போய்விட்டார்கள்.

நம் சபையில் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. ஆனாலும் இன்னும் நான் எடுக்கவில்லை. நேற்று வந்த அந்த நான்கு பேரும் இன்றும் எதிர் டீக்கடையில்தான் நிற்கிறார்கள்.

இதோ, ரேணுகா கதவைத் தட்டுகிறாள். "அக்கா, மறுபடி ஜுரம். பிரேயர் பண்ண வாங்களேன்."

பொட்டை எடுத்து இந்தத் தாளின் அடியில் ஒட்டிவிட்டேன். வெறும் நெற்றியோடு போகிறேன்.

உங்கள் மனைவி