பின்கதவுக் கண்ணாடி விஷயமாக அத்தானுக்கு

எங்கே இருந்தாலும் வெற்றிலைக்குக் குறைவில்லாமல் இருக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளும் என் அன்பு அத்தானுக்கு,

உலகச் சண்டை முடிந்துவிட்டது. நாம்தான் ஜெயித்தோமாம். ரேஷன் கடையில் நிற்கும்போது மட்டும் அது மறந்துபோகிறது. பெட்ரோலுக்கு இன்னும் கூப்பன்தான். பெரம்பலூருக்கு இன்னும் ரயில் வரவில்லை. நீங்கள் விட்டுப்போன உலகம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. மாறியது உங்கள் காரின் பின்கதவுக் கண்ணாடி ஒன்றுதான். அதைப் பற்றி உங்களிடம் சில கேள்விகள் கேட்கவேண்டும்.

முதலில் அக்காவின் சேதி. அரியலூர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலையில் காரில் போய், அங்கே ஒரு சிநேகிதி வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை திரும்புவது என்று ஏற்பாடு. உங்கள் டிரைவர் அந்தோணியே ஓட்டுகிறான். உறவுக்காரர்கள் கூடி, காப்பி குடித்து, பெருந்தன்மையோடு சம்மதம் கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. தாலி அறுத்தவள் கடைவீதி வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு போகக் கூடாது. ஊர் தாண்டும்வரை கார்க் கண்ணாடி ஏற்றியே இருக்கவேண்டும்.

நிபந்தனை போட்டது உங்கள் தம்பி நடராசன். "அண்ணி, ஊர் வாயை மூட முடியாதுங்க. கண்ணாடியைத்தான் மூட முடியும்" என்றார். இவ்வளவு நன்றாக அவர் பேசிக் கேட்டதில்லை. வீட்டிலேயே தயார் பண்ணிக்கொண்டு வந்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம்.

கண்ணாடி வழியாகவும் முகம் தெரியுமே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏற்றிய கண்ணாடிக்கு உள்ளே இருந்தால் அடக்கம், இறக்கிய கண்ணாடிக்கு உள்ளே இருந்தால் திமிர். சாஸ்திரம் எழுதின காலத்தில் கார் இல்லை. ஆகையால் இந்த மாதிரி விதிகளை நாமே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, பின்பக்க இடது கதவின் கண்ணாடி தொபுக்கென்று கதவுக்குள்ளே விழுந்துவிட்டது. கைப்பிடியைச் சுற்றினால் சுற்றுகிறது. கண்ணாடி வருவதாக இல்லை. மறுநாள் காலையிலேயே நடராசன் அரியலூரிலிருந்து வந்து இறங்கினார். அவருக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. கண்ணாடியும் சொல்லியிருக்காது.

"கண்ணாடி ஏறாத வண்டி அண்ணிக்கு எதுக்குங்க? அரியலூர்ல என் வூட்டுல நிக்கட்டும். வேலையும் வேணாம்னு எழுதிப் போட்டுடலாம்" என்றார்.

அக்கா, "நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கிறேன். இந்தப் பக்கம் ஒரு துணியைக் கட்டிக்கலாம்" என்றாள்.

"துணி கட்டிக்கிட்டுப் போனா சினிமா நோட்டீஸ் போடுற வண்டின்னு பிள்ளைங்க பின்னாடியே ஓடிவரும், அண்ணி."

ஆகக் கடைசியில், திங்கட்கிழமைக்குள் கண்ணாடி ஏறினால் அக்காவுக்கு வேலை. ஏறாவிட்டால் நடராசனுக்குக் கார். இப்படி ஒரு பெண்ணின் பிழைப்பு ஒரு கண்ணாடியின் மேல் வந்து உட்கார்ந்தது.

அரியலூர் ஸ்டேஷன் பக்கம் பட்டறை வைத்திருக்கும் கமால் பாயை வரவழைத்தேன். திறமைசாலி. அதை அவரே சொல்லுவார். நிறுத்தச் சொன்னாலும் சொல்லுவார். நான் ஒரு நாற்காலியைப் போட்டுக் காருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். ரிப்பேர்க்காரரைக் கண்பார்வையில் வைக்கவேண்டும் என்பது என் கொள்கை. மோர் குடிக்க உள்ளே போன நேரத்தில் அவர் கதவின் உள்பலகையைக் கழற்றிவிட்டார்.

"சார், உள்ளே மிஷினே இல்லை."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லைதான். கண்ணாடியை ஏத்தி இறக்குற பல்சக்கரம் இல்லை, கை இல்லை, ஒண்ணும் இல்லை. வெளியில கைப்புடி இருக்கு. அதுக்கு அந்தாண்ட வெறும் காத்துதான். அடியில கறையான் தின்ன கட்டை ஒண்ணு கெடக்கு."

அத்தான், நான் என்ன நினைத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். கைப்பிடி இருந்து மிஷின் இல்லாத கதவு உலகத்தில் உண்டா? மோர் குடிக்கிற நேரம் ஒரு கைதேர்ந்தவனுக்குப் போதாதா? முதலில் அந்தோணியைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"மாதா மேல சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. நான் முன்சீட்டுக்காரன். பின்கதவு சமாச்சாரத்துல நான் தலையிடுறதில்லீங்க."

இவ்வளவு சீக்கிரம் சத்தியம் பண்ணுகிறவனை நம்பலாமா? பிறகு நடராசனை நினைத்தேன். போன மாதம் வந்தபோது காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணன் நல்லா வச்சிருந்தாருங்க" என்று சொன்னார். அப்போது நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் என் பார்வை கமால் பாயின் தோல்பையில் போய் நின்றது. அதை அவரும் கவனித்துவிட்டார்.

"என்ன சார் பாக்குறீங்க? பையைக் கொட்டிக் காட்டட்டுமா?"

வேண்டாம் என்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். "கொட்டுங்க" என்றேன்.

ஸ்பேனர்கள், பீடிக்கட்டு, பேரீச்சம்பழப் பொட்டலம், அப்புறம் ஒரு பல்செட்டு.

"இது எந்த வண்டிக்கு?" என்று கேட்டேன்.

"என் மாமனாருது சார். கடிக்கும்போது ஒரு பக்கமா வழுக்குதாம். அரத்தால ராவிக் குடுக்கச் சொன்னாரு." சொல்லிக்கொண்டே சாமான்களை அள்ளிப் பைக்குள் போட்டார். "போதும் சார். ஜில்லா பூரா என்னை நம்பி வூட்டுக்குள்ள விட்டு சாவி குடுக்குறாங்க. இங்க நான் திருடனா? அந்தோணி, பஸ் எத்தனை மணிக்குப்பா?"

அவர் போனால் திங்கட்கிழமையும் போயிற்று. அந்த நேரத்தில் அக்கா வெளியே வந்தாள். பல்செட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்த மிஷினைக் கழட்டினது உன் அத்தான்தான்டா."

அத்தான், இனிமேல் நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்த கதை. ஆனாலும் அக்கா சொன்னதை உங்களிடம் ஒப்பிப்பதுதான் முறை. நீங்களே ஓட்டுகிற நாட்களில், திரும்பும்போது கை காட்டவும் வெற்றிலை துப்பவும் ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடியை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி, அந்த மிஷினின் பற்களைத் தேய்த்துவிட்டீர்கள். சண்டைக் காலம், கப்பலில் சாமான் வரவில்லை. பின்கதவு மிஷினை எடுத்து, வெட்டி ஒட்டி, முன்கதவில் மாட்டிக்கொண்டீர்கள். பின்கதவுக் கண்ணாடிக்கு ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, கைப்பிடியை மட்டும் அப்படியே விட்டுவைத்தீர்கள்.

அந்த இடத்தில் அப்போதெல்லாம் உட்கார்ந்து வந்தது எங்கள் அம்மா. காற்றுப் பட்டால் காது வலிக்கும் அவளுக்கு. ஏறியவுடன் பக்தியோடு கைப்பிடியைச் சுற்ற ஆரம்பிப்பாள். நீங்கள் முன்னாலிருந்து, "போதும் அத்தை, மூடிடுச்சு" என்பீர்களாம். அவளும் நிறுத்துவாளாம். "மாப்பிள்ளை வண்டியில ஒரு பொட்டுத் தூசி உள்ள வராது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளே! அம்மா இப்போது உங்கள் பக்கத்தில்தான் இருக்கவேண்டும். அவளிடம் சொல்லிவிட்டீர்களா?

"இதை ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?" என்றேன்.

"ஊர்ல எல்லாரையும் விசாரிச்சே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

கமால் பாய் பையைக் கீழே வைத்தார். என்னை ஜெயித்த சந்தோஷத்தில் அவருக்குக் கோபம் மறந்துபோயிற்று. பாடாலூர்ப் பக்கம் ஒரு மிராசுதாரின் தோப்பில் இதே மாதிரி வண்டி ஒன்று செங்கல் மேல் நிற்பது அவருக்கு நினைவு வந்தது. அந்தோணியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போய், கண்ணாடி மிஷினைப் பழைய சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். பின்சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்ததாம். கோழிக்கே தெரியாமல் கழற்றினாராம். நான் நம்பவில்லை. ஆனால் சாக்கில் இறகு இருந்தது.

மாட்டி, கிரீஸ் தடவி, கைப்பிடியைச் சுற்றியதும் கண்ணாடி மெள்ள மேலே வந்தது. ஞாயிற்றுக்கிழமை நடராசன் வந்து தன் கையாலேயே ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். ஒரு குறையும் அகப்படவில்லை. "ஏறுதுங்க" என்றார், சாவுச் சேதி சொல்கிறவர் மாதிரி.

திங்கட்கிழமை காலையில் புறப்பட்டோம். நான் முன்சீட்டில், அக்கா பின்னால் அதே இடத்தில். கண்ணாடி ஏற்றியிருந்தது. கடைவீதிக்குள் நுழைந்ததும் பின்னாலிருந்து கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டது. இன்னும் இறுக்கி மூடுகிறாள் என்று நினைத்தேன். பிடரியில் காற்று அடித்தது.

"அக்கா, மாத்திச் சுத்துறே."

"சரியாத்தான் சுத்துறேன். மெதுவாப் போ அந்தோணி."

அந்தோணி மெதுவாகப் போனான். ஜவுளிக்கடைக்காரர் துணி அளப்பதை நிறுத்திவிட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அக்கா யாரையும் பார்க்கவில்லை. கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள், தப்பு இருந்தால் இறங்கித் திருத்திவிடுகிறவள் போல.

அத்தான், இதை மட்டும் கேட்கிறேன். அம்மா போன பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்து வந்தவள் அக்கா. காற்று வேண்டும் என்று அவள் உங்களிடம் ஒரு நாளாவது கேட்டிருக்க மாட்டாளா? அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்?

சேதி எங்களுக்கு முந்தி அரியலூர் போய்விட்டது. எப்படிப் போகிறதோ! பள்ளிக்கூட வாசலில் நடராசன் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணி, கண்ணாடி இறங்கிக் கெடக்கு."

"அது இறங்கத்தான் செய்யும். நேத்து நீங்கதானே இறக்கிப் பாத்தீங்க" என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அக்கா உள்ளே போய்விட்டாள். மணி அடித்தது. நடராசன் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க. கூட்டம் போட்டுப் பேசிக்கலாம்."

அந்தோணி என்னைப் பார்த்தான். நான் அவனிடமிருந்து சாவியை வாங்கி என் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். "கூட்டம் தாராளமாப் போடுங்க. வெள்ளிக்கிழமை அக்காவைக் கூட்டிக்கிட்டு நானே வரேன்" என்றேன்.

அந்தச் சாவி இப்போதும் இடுப்பில் குத்திக்கொண்டுதான் இருக்கிறது, அத்தான். எத்தனை கூட்டம் போட்டாலும், எத்தனை காப்பி குடித்தாலும், அக்கா கேட்காமல் இது என் மடியைவிட்டு இறங்காது. உங்கள் மேல் ஆணை. உங்கள் மேல் இடும் ஆணையில் எனக்கு இப்போது கொஞ்சம் சந்தேகம் உண்டு என்பதால், அம்மா மேலும் ஆணை.

இப்படிக்கு,
உங்களை இன்னும் முழுசாக நம்பாத, ஆனாலும் உங்களை நினைக்காத நாளில்லாத
உங்கள் மச்சினன்